மருத்துவ மாணவர்களுக்கு ஆன்டிபயாடிக் பாடம் எடுப்பது எப்படி: எந்த வரிசையில், எதைக் கையில் வைத்துக்கொண்டு

இறுதியாண்டு மாணவரிடம் செஃப்ட்ரியாக்ஸோன் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள், செல்சுவர், பீட்டா-லாக்டமேஸ், தலைமுறை வரிசை என்று மூச்சுவிடாமல் சொல்வார். அதே மாணவரிடம் "மூன்று நாளாகச் சளி, இருமல், லேசான காய்ச்சல், நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் ஒன்றும் இல்லை, என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டால் பேனா தானாக அசித்ரோமைசின் பக்கம் போகும். அவருக்கு அறிவு இருக்கிறது, அது உள்ளே போன வரிசைதான் கோளாறு. மருந்தியல் பாடம் மருந்திலிருந்து தொடங்குகிறது. நோயாளி யாரும் மருந்தின் பெயரோடு வந்து உட்காருவதில்லை.

நான் முதலில் இதைப் பழைய வரிசையில்தான் எடுத்தேன்: வரலாறு, மருந்து வகைகள், எதிர்ப்பு உருவாகும் விதம், கடைசியில் "பொறுப்பாகப் பயன்படுத்துங்கள்" என்று ஒரு ஸ்லைடு. தேர்வில் நன்றாக எழுதினார்கள், வார்டில் எதுவும் மாறவில்லை. இப்போது ஆறு அமர்வுகளாக, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், நடுநடுவே வார்டு வேலை என்று எடுக்கிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒருமுறை செய்து பாருங்கள், அப்புறம் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

1. வகுப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் மருத்துவமனையின் ஆன்டிபயோகிராம், அதாவது எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் அடங்குகிறது என்ற ஆண்டு அட்டவணை. அதை வாங்கும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். ஒரே நோயாளியிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கிருமியை ஒருமுறை மட்டும்தான் எண்ணியிருக்கிறார்களா, ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தது 30 மாதிரிகளாவது இருக்கின்றனவா என்று. இல்லாவிட்டால் அந்தச் சதவீதத்தை நம்பிப் பாடம் நடத்த முடியாது. ஐ.சி.யூ.வில் ஒரே ஒரு நோயாளி பத்து கல்ச்சர் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்தால் மொத்த அட்டவணையும் சாய்ந்துவிடும்.

இரண்டாவது, பெயரும் எண்ணும் நீக்கிய பத்து உண்மையான கேஸ் ஷீட்டுகள். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பத்துமே ஆன்டிபயாடிக் தேவைப்படும் கேஸ்களாக இருந்தால், மாணவர் கேள்வியைப் படிக்கும் முன்பே "இன்றைக்கு எந்த மருந்து?" என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். குறைந்தது பாதி கேஸ்களில் சரியான விடை "எதுவும் வேண்டாம்" அல்லது "நிறுத்து" என்று இருக்க வேண்டும். அந்தப் பாதியைத் தேடி எடுப்பதுதான் தயாரிப்பில் அதிக நேரம் பிடிக்கும், அதைக் குறைக்காதீர்கள்.

மூன்றாவது, உள்ளூர் சிகிச்சை வழிமுறை. அது இல்லாத இடத்தில் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அவேர் ஆன்டிபயாடிக் புத்தகம் போதும், இலவசமாகக் கிடைக்கிறது.

அப்புறம் ஆட்கள். நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து ஒருவர், மருந்தாளுநர் ஒருவர், வார்டு செவிலியர் ஒருவர், ஆளுக்கு ஒரு அமர்வுக்காவது வர ஒப்புக்கொள்ள வேண்டும். டோஸ் எத்தனை மணிக்குப் போகிறது, எது விடுபடுகிறது, ட்ரிப் லைன் எத்தனையாவது நாளில் வீங்குகிறது என்பது செவிலியருக்குத்தான் தெரியும்.

குழு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் பேசுகிறவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

2. முதல் அமர்வில் எந்த மருந்தின் பெயரும் வரக்கூடாது

இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேஸைக் கொடுத்துவிட்டு பலகையில் நான்கு கேள்விகளை எழுதுங்கள்: இது தொற்றா? தொற்று என்றால் பாக்டீரியாவா? உடம்பில் எந்த இடம்? நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார்? நான்குக்கும் பதில் சொல்லும்வரை யாராவது மருந்தின் பெயரைச் சொன்னால் முதல் கேள்விக்குத் திரும்பிப் போக வேண்டும். பத்து நிமிடத்துக்குள் யாராவது சொல்லத்தான் செய்வார்கள், அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். நம் கை எவ்வளவு பழகிப் போயிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும்.

இந்த அமர்வுக்கு நான் எடுக்கும் கேஸ்கள் பெரும்பாலும் இவைதான்.

தொண்டை வலி. காய்ச்சல், டான்சில் மேல் வெள்ளைப் படிவு, கழுத்தின் முன்பக்க நெறி வலியோடு வீங்கியிருப்பது, இருமல் இல்லாதது என்ற நான்கையும் எண்ணிப் பார்க்கும் சென்டார் அளவுகோலை அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். இருமலும் மூக்கொழுகலும் இருக்கிற ஆளுக்கு மதிப்பெண் ஏறவே ஏறாது. அதை எண்ணிப் பார்த்த மாணவர் அடுத்த முறை தயங்குவார்.

பச்சைச் சளி. சளியின் நிறம் பாக்டீரியாவைக் காட்டாது, வெள்ளணுக்களின் நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது. வைரஸ் தொற்றிலும் சளி பச்சையாகும். அதோடு இன்னொன்றையும் சொல்லுங்கள்: சாதாரண கடுமையான இருமல் சராசரியாக இரண்டரை வாரம், கிட்டத்தட்ட 18 நாள் நீடிக்கும். ஒரு வாரத்தில் நின்றுவிடும் என்று நோயாளி நினைக்கிறார், மாணவரும் அப்படியே நினைக்கிறார், எட்டாம் நாளில் இருவரும் சேர்ந்து பதறி மருந்து எழுதிவிடுகிறார்கள்.

மூன்றாவது கேஸ் சிறுநீர் கல்ச்சர். வயதான பெண்மணி, இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார், எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, யாரோ வழக்கப்படி அனுப்பிய சிறுநீரில் ஈ. கோலை ஒரு லட்சத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் குழு முழுவதும் சிகிச்சை என்று சொல்லும். அறிகுறி இல்லாத சிறுநீர்க் கிருமிக்கு மருந்து தர வேண்டிய முக்கியமான இரண்டு சூழல்கள் கர்ப்பமும், சிறுநீர்ப்பாதைச் சவ்வில் ரத்தம் கசியக்கூடிய அறுவை முறைக்கு முந்தைய நேரமும். இந்தப் பெண்மணி இரண்டிலும் வரமாட்டார். ஒரு மாணவி என்னிடம் "அப்படியானால் இந்த ரிப்போர்ட்டை என்ன செய்வது?" என்று கேட்டார். நல்ல கேள்வி, விடை: அதை அனுப்பியே இருக்கக்கூடாது. தேவையில்லாத கல்ச்சர் தேவையில்லாத மருந்தை இழுத்துக்கொண்டு வரும் என்பது அன்றைக்கு அந்தக் குழுவில் எல்லோருக்கும் புரிந்தது.

இங்கே நிகழும் தவறு, ஆசிரியர் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுவது. அமைதியாக இருங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசாவிட்டால் பரவாயில்லை.

3. எதிர்ப்பு எப்படி வருகிறது என்பதைக் கண்ணால் காட்டுங்கள்

பெரும்பாலான மாணவர்களின் மனதில், வெளியே சொல்லாவிட்டாலும், "உடம்பு மருந்துக்குப் பழகிவிடுகிறது" என்ற எண்ணம்தான் இருக்கிறது. பழகுவது உடம்பு இல்லை. கிருமிக் கூட்டத்தில் ஏற்கனவே இருக்கும் எதிர்ப்புள்ள சிலவற்றை மருந்து விட்டுவைக்கிறது, மற்றதைத் துடைத்துவிடுகிறது, காலியான இடத்தில் அந்தச் சில பெருகுகின்றன. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். செய்து பார்த்தால்தான் உள்ளே இறங்கும்.

ஒரு தட்டில் 98 வெள்ளை மணிகள், 2 சிவப்பு மணிகள். இது குடலில் சும்மா வாழும் கிருமிக் கூட்டம், நோய் தருகிற கிருமி இந்தத் தட்டிலேயே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு நாள் டோஸுக்கும் 15 வெள்ளை மணிகளை எடுத்துவிட்டு, சிவப்பை இடம் இருக்கும்வரை இரட்டிப்பாக்க வேண்டும். மூன்றாம் நாள் முடிவில் 53 வெள்ளை, 16 சிவப்பு. ஆறாம் நாள் 8 வெள்ளை, 92 சிவப்பு. எண்கள் விளையாட்டுக்கானவை, உண்மையான குடல் இப்படிக் கணக்குப் போட்டு நடக்காது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் வைரஸ் சளிக்கு மருந்து சாப்பிட்டவர் தட்டிலும் இதேதான் நடக்கிறது என்பதும், ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதும் கை வழியாகப் போய்ச் சேரும். இந்தத் தட்டை ஏழாம் படியில் மறுபடி எடுக்கப் போகிறோம், பத்திரமாக வையுங்கள்.

அடுத்து ஆய்வகம். ஆய்வகத்தார் முன்கூட்டியே தயாரித்து, மூடி ஒட்டிய தட்டுகளை மட்டும் பயன்படுத்துங்கள், மாணவர் திறக்கக்கூடாது. முதல் தட்டில் ஈஎஸ்பிஎல் (செஃபோடாக்ஸைம் மாதிரி மருந்துகளை உடைக்கும் நொதி) உற்பத்தி செய்யும் ஈ. கோலை, முல்லர்-ஹின்டன் அகாரில். நடுவில் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் வில்லை, பக்கத்தில் செஃபோடாக்ஸைம் வில்லை. செஃபோடாக்ஸைமைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையம் சிறிதாக இருக்கும், ஆனால் கிளாவுலனேட் இருக்கும் பக்கம் மட்டும் அது இழுத்து நீண்டு பழைய பூட்டின் சாவித்துவாரம் மாதிரித் தெரியும். கிருமியின் நொதியைக் கிளாவுலனேட் கட்டிப்போட்ட இடம் அது. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொருவரும் விரலால் அந்த வளைவைத் தொடர்ந்து காட்டச் சொல்லுங்கள். புத்தகத்தில் மூன்று பக்கம் படித்த விஷயம் இங்கே கண்ணெதிரே இருக்கிறது.

இரண்டாவது தட்டில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், எரித்ரோமைசினும் கிளிண்டமைசினும் அருகருகே. கிளிண்டமைசின் வளையம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி ஆங்கில டி எழுத்து மாதிரி ஆகியிருக்கும். கிளிண்டமைசின் மட்டும் தனியாக இருந்தால் வேலை செய்வதுபோலத் தெரியும் கிருமி, தூண்டிவிட்டால் எதிர்ப்புக் காட்டுகிறது. "ரிப்போர்ட்டில் ஆர் (எதிர்ப்பு உண்டு) என்று ஏன் போட்டார்கள், வளையம் பெரிதாகத்தானே இருக்கிறது?" என்று சண்டைக்குப் போகும் பழக்கம் இதைப் பார்த்தபின் குறையும்.

உலகப் புள்ளிவிவரம் வேண்டும் என்றால் இந்த இடத்தில் ஒரே வரி போதும்: 2019-இல் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. இதை முதல் ஸ்லைடாகப் போடாதீர்கள். பயமுறுத்தித் தொடங்கினால் மாணவர்கள் பயப்படுவார்கள், ஆனால் நாளை காலை வார்டில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

4. மருந்துக்கு முன் மாதிரி

சுருக்கமான படிதான், ஆனால் விட்டுவிட்டால் ஆறாம் படி முழுவதும் வீண். முதல் டோஸ் போனபின் எடுத்த கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்பு குறைகிறது. வளராவிட்டால் மருந்தைக் குறுக்க, அதாவது அந்தக் கிருமியை மட்டும் குறிவைக்கும் மருந்துக்கு இறங்க, ஆதாரம் இல்லை, அப்புறம் பயத்திலேயே பதினான்கு நாள் ஓடும்.

பெரியவர்களுக்கு ரத்தக் கல்ச்சர் என்றால் இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து இரண்டு செட், ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வெறும் பாட்டிலையும் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சையும் கொடுத்து அளவைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பலரும் மூன்று மி.லி.யோடு நிறுத்துவார்கள். ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், அளவு குறைந்தால் பிடிபடாது. ஒரே செட் எடுத்தால் இன்னொரு சிக்கல்: தோல் கிருமி வளர்ந்தால் அது நிஜமா, ஊசி போகும்போது ஒட்டியதா என்று சொல்ல வழியில்லை.

சிறுநீரைக் கதீட்டர் பையிலிருந்து எடுக்கக்கூடாது, அங்கே தேங்கியதில் எதுவும் வளரும். சீழ் இருந்தால் பஞ்சுக்குச்சியால் துடைப்பதைவிடச் சீழையே சிரிஞ்சில் எடுத்து அனுப்புவது மேல். சளி மாதிரியில் எச்சில் அதிகமா என்று ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை நுண்ணோக்கியில் ஒரு நிமிடம் காட்டினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. செப்டிக் ஷாக்கில் (தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலை) இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும், கல்ச்சர் எடுக்க முடியவில்லை என்று காத்திருக்கக்கூடாது. இதை அழுத்திச் சொல்லாவிட்டால், பொறுப்பான பயன்பாடு என்றால் தாமதிப்பது என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். அது ஆபத்து.

5. இப்போதுதான் மருந்தின் பெயர்

மூன்றாவது அமர்வில் வருகிறோம். இங்கேயும் வரிசை உண்டு: இடம், அந்த இடத்தில் வழக்கமாக வரும் கிருமிகள், அவற்றில் எவை இந்த வார்டில் எதற்கு அடங்குகின்றன, மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேருமா, கடைசியில் இந்த நோயாளியின் சிறுநீரகம், கர்ப்பம், ஒவ்வாமை. மாணவர்கள் முதல் நான்கையும் தாண்டிக் குதித்து "நல்ல ஸ்ட்ராங்கா" ஒன்றை எடுப்பார்கள்.

அந்த "ஸ்ட்ராங்" என்ற சொல்லை உடைக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மெதிசிலினுக்கு அடங்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் வளர்வது. இதற்கு வான்கோமைசினைவிடச் செஃபசோலினோ குளோக்ஸாசிலின் வகையோ நன்றாக வேலை செய்கிறது. வான்கோமைசினிலேயே தொடர்ந்தால் நோயாளிக்குத்தான் நஷ்டம். அகலமான மருந்து என்றால் நிறையக் கிருமிகளைத் தொடும் என்று மட்டும்தான் பொருள், இந்தக் கிருமியை வேகமாகக் கொல்லும் என்று பொருள் இல்லை. மருந்தைக் குறுக்குவது ஊருக்கு நல்லது, நோயாளிக்கு ரிஸ்க் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி.

போய்ச் சேருவதற்கு இரண்டு உதாரணம். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அருமை, சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு சேராது, அதனால் காய்ச்சலும் விலாவலியும் உள்ளவருக்கு உதவாது. டாப்டோமைசினை நுரையீரலின் சர்ஃபாக்டன்ட் செயலிழக்கச் செய்துவிடும், ஆகவே நிமோனியாவுக்கு எழுதக்கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த அவேர் வகைப்பாட்டை இந்த இடத்தில் கொடுங்கள். மூன்று கூடை: முதலில் எடுக்க வேண்டியவை, கவனமாக எடுக்க வேண்டியவை, கடைசிக்காக ஒதுக்கியவை. அமாக்ஸிசிலின், செஃபசோலின், டாக்ஸிசைக்ளின், நைட்ரோஃபுரான்டாயின் முதல் கூடை. செஃப்ட்ரியாக்ஸோன், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், மெரோபெனம் இரண்டாவது. கொலிஸ்டின், லினசோலிட் மூன்றாவது. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். வார்டில் அன்றைக்கு ஓடும் மருந்துச் சீட்டுகளை எடுத்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 2030-க்குள் மனிதர்களுக்குத் தரும் ஆன்டிபயாடிக்கில் குறைந்தது 70 சதவீதம் முதல் கூடையிலிருந்து வர வேண்டும் என்று 2024-இல் ஐ.நா. பொதுச்சபையில் உலகளாவிய இலக்கு வைத்திருக்கிறார்கள். தங்கள் வார்டின் குவியல் அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

இந்தப் படியில் அடிக்கடி வரும் தவறுகள் இரண்டு. ஒன்று, பைபராசிலின்-டாசோபாக்டம் அல்லது மெரோபெனத்தோடு மெட்ரோனிடசோலையும் சேர்ப்பது. அவை இரண்டுமே காற்றில்லாமல் வளரும் கிருமிகளைத் தாமே பார்த்துக்கொள்ளும். அமீபா, குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் மாதிரித் தனிக் காரணம் இல்லாவிட்டால் மூன்றாவது ஆள் வேண்டாம். இன்னொன்று, "பென்சிலின் ஒவ்வாமை" என்ற முத்திரையை அப்படியே நம்புவது. அந்த முத்திரை உள்ளவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பென்சிலினைத் தாங்குகிறார்கள். என்ன நடந்தது, எத்தனை மணி நேரத்தில், எந்த வயதில், அதன்பின் அந்த வகை மருந்து எப்போதாவது எடுத்தீர்களா என்று நான்கு கேள்வியாவது கேட்கப் பழக்குங்கள். வாந்தி வந்தது ஒவ்வாமை ஆகாது. மூச்சுத் திணறி முகம் வீங்கியது ஆகும்.

6. ரிப்போர்ட்டை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது

எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்தளவு) எண்ணைப் பார்த்து "இதில் 0.5, அதில் 2, அப்போ இதுதான் நல்லது" என்பார்கள். எம்ஐசியை மருந்துக்கு மருந்து ஒப்பிடவே கூடாது, ஒவ்வொரு மருந்துக்கும் தனி எல்லைக்கோடு. ஒரு மருந்து ரத்தத்தில் 100 வரை ஏறும், இன்னொன்று 4-ஐத் தாண்டாது, அப்புறம் எண்ணை மட்டும் பார்த்து என்ன பயன்?

ஐ என்ற எழுத்துக்கு உங்கள் ஆய்வகம் என்ன பொருள் கொள்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். ஐரோப்பிய முறையான யூகாஸ்டில் 2019 முதல் அது "டோஸைக் கூட்டினால் வேலை செய்யும்" என்று பொருள்படுகிறது. பழைய பாடம் படித்தவர்கள் அதை ஆர் மாதிரி ஒதுக்கிவிட்டு, தேவையில்லாமல் மெரோபெனத்துக்கு ஏறிவிடுகிறார்கள்.

எஸ் (மருந்துக்கு அடங்கும்) என்று இருப்பதெல்லாம் கொடுக்கலாம் என்பதும் இல்லை. என்டரோபாக்டர் குளோவாசே செஃப்ட்ரியாக்ஸோனுக்கு எஸ் காட்டினாலும் சிகிச்சை நடக்கும்போதே எதிர்ப்பு வெளிவரலாம். ஆய்வகத்தார் இந்த அமர்வில் பக்கத்தில் இருந்தால் மாணவர் இன்னொன்றையும் கற்றுக்கொள்வார்: சந்தேகம் வந்தால் போனை எடுத்து ஆய்வகத்தைக் கேட்கலாம். அமர்வு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது நிஜமாக அந்தப் போனைச் செய்ய வையுங்கள். முதல் அழைப்புக்குத்தான் கூச்சம்.

7. நாற்பத்தெட்டு மணி நேரம்: நிறுத்தவும் மாற்றவும் கற்றுக்கொடுப்பது

ஆறு அமர்வில் இரண்டை இதற்கே ஒதுக்குங்கள். தொடங்குவதை எல்லோரும் எங்கேயோ கற்றுக்கொள்கிறார்கள், நிறுத்துவதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

மாணவர் ஒவ்வொருவருக்கும் வார்டில் மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரம் ஆன ஒரு நோயாளியைக் கொடுங்கள். ஒரே ஒரு தாள். அதில் ஏன் தொடங்கினார்கள், இதுவரை என்ன தெரிந்திருக்கிறது, இன்று என்ன முடிவு, எந்தத் தேதியில் முடியும் என்று எழுத வேண்டும். முடிவு ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கலாம்: நிறுத்து, குறுக்கு, வாய்வழிக்கு மாற்று, அப்படியே தொடர், வேறு மருந்துக்குப் போ. "பார்க்கலாம்" என்ற ஆறாவது முடிவை ஏற்காதீர்கள்.

முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் திணறுவார்கள், ஏனென்றால் கேஸ் ஷீட்டில் காரணமே எழுதியிருக்காது. அதுதான் பாடம். காரணம் எழுதாத மருந்தை அடுத்த நாள் வருபவர் நிறுத்த முடியாது, எதற்கு என்றே தெரியாதே. மருந்து எழுதும்போதே காரணமும் முடியும் தேதியும் எழுத வேண்டும் என்பதை இங்கிருந்து பழக்கமாக்குங்கள்.

வாய்வழிக்கு மாற்றும்போது "மாத்திரை பலவீனம்" என்ற நினைப்பு குறுக்கே வரும். லெவோஃப்ளாக்ஸசின், லினசோலிட், மெட்ரோனிடசோல், டாக்ஸிசைக்ளின் எல்லாம் வாய்வழியே கிட்டத்தட்ட முழுமையாக ரத்தத்தில் சேர்கின்றன. சாப்பிட முடிகிற, குடல் வேலை செய்கிற, தேறி வருகிற நோயாளிக்கு ட்ரிப் லைனை வைத்திருப்பது கூடுதல் தொற்றுக்கு வாசல் திறந்து வைப்பது.

சரி, எத்தனை நாள்? இங்கே மணித்தட்டை மறுபடி வெளியே எடுங்கள். "கோர்ஸை முழுசா முடிக்காட்டி ரெசிஸ்டன்ஸ் வரும்" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தட்டு அதற்கு எதிர்மாறாகச் சொல்கிறது: நாள் கூடக் கூடச் சிவப்பு கூடுகிறது. காசநோய் மாதிரிச் சில நோய்களில் பாதியில் விடுவது நிஜமாகவே எதிர்ப்பை வளர்க்கும், அதைப் பிரித்துச் சொல்லுங்கள். ஆனால் தேறிவரும் சமூக நிமோனியாவுக்கு 5 நாள், சிக்கலில்லாத பெண்களின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள், வயிற்றுத் தொற்றில் சீழை முழுமையாக எடுத்தபின் 4 நாள், சிக்கலில்லாத கிராம்-நெகட்டிவ் ரத்தத் தொற்றுக்கு 7 நாள் போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறுவை சிகிச்சைக்கு முன்தடுப்பு மருந்து வெட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ், பெரும்பாலான அறுவைகளுக்குத் தையல் போட்டபின் தொடரத் தேவையில்லை.

உடனே எதிர் உதாரணத்தையும் வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஐந்து நாளில் நிறுத்தத் தொடங்கிவிடுவார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் வந்தால் கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து குறைந்தது 14 நாள், மறுபடி ரத்தக் கல்ச்சர், எக்கோ எல்லாம் உண்டு. இதய வால்வில் உட்கார்ந்திருந்தால் பொதுவாக 4 முதல் 6 வாரம். நோயாளியிடமும் "நான் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். நாளைக் குறைப்பது மருத்துவரின் வேலை, நோயாளி தானாக நிறுத்துவது வேறு விஷயம்.

8. நோயாளியோடு பேசிப் பழகுதல்

ஒருவர் நோயாளி, ஒருவர் மருத்துவர், மற்றவர்கள் கவனிக்கட்டும். நோயாளிக்கு ஒரு வரி கொடுத்தால் போதும்: "போன தடவை அந்த மாத்திரை போட்டதும் ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு டாக்டர், அதையே எழுதிக் குடுங்க."

எல்லோரும் முதலில் "இது வைரஸ், ஒன்றும் தேவையில்லை" என்பார்கள். அதைக் கேட்கும் நோயாளிக்குத் தன்னை விரட்டுவதாகத் தோன்றும். சோதித்துப் பார்க்கும்போதே கண்டதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: "நெஞ்சு நன்றாக இருக்கிறது, காதில் ஒன்றும் இல்லை, தொண்டை சிவந்திருக்கிறது." அப்புறம் எத்தனை நாள் நீடிக்கும், எதற்கு என்ன எடுக்கலாம், எந்த அறிகுறி வந்தால் அன்றே திரும்பி வர வேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டால் மாணவருக்குத் தோல்வி போடுங்கள், தாட்சண்யம் வேண்டாம். மருந்து இல்லாமல் அனுப்புவதைப் பாதுகாப்பாக்குவது அந்த வரிதான்.

9. சீனியர் வேறு மாதிரி எழுதினால்

ஐந்து அமர்வில் கட்டியது ஒரே ரவுண்ட்ஸில் உடையும் இடம் இது. மாணவர் வகுப்பில் ஒன்று கற்கிறார், காலையில் வார்டில் வேறொன்று எழுதப்படுகிறது, எது நிஜம் என்று அவருக்குச் சொல்லவே வேண்டாம். இதைப் பற்றிப் பேசாமல் தவிர்க்கும் ஆசிரியர்கள் நிறைய. பேசியே ஆக வேண்டும்.

மாணவரைப் புரட்சிக்கு அனுப்பாதீர்கள். கேள்வியாகக் கேட்கப் பழக்குங்கள், தகவலை முன்னால் வைத்து: "சார், ஒரு சந்தேகம். நேற்று வந்த கல்ச்சரில் ஆக்ஸாசிலின் எஸ் என்று இருக்கிறது. வான்கோமைசினைத் தொடர ஏதாவது காரணம் இருக்கிறதா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்." இதையும் நடித்துப் பார்க்க வேண்டும், சீனியராக நீங்களே நடியுங்கள். ஒருமுறை எரிச்சலோடு பதில் சொல்லுங்கள், ஒருமுறை நல்ல காரணம் ஒன்றைச் சொல்லுங்கள். சில நேரம் சீனியரிடம் மாணவருக்குத் தெரியாத காரணம் இருக்கும், அதைக் கேட்டு எழுதிக்கொள்வதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்தது.

முடிந்தால் வார்டு சீனியர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள், இந்தக் குழு இப்படிக் கேட்கும் என்று. நான் சொல்லாமல் அனுப்பிய வருடத்தில் ஒரு மாணவர் எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கினார். அதன்பின் அந்தக் குழுவில் யாருமே வாய் திறக்கவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

10. மதிப்பீடு

கொள்குறி வினாக்களை மட்டும் வைத்தால் மறுபடி மருந்தின் பெயருக்கே மதிப்பெண் கொடுக்கிறீர்கள். மூன்று கேஸ், ஒவ்வொன்றிலும் முடிவுக்குப் பாதி, காரணத்துக்குப் பாதி. ஒன்றில் விடை கண்டிப்பாக "ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று இருக்கட்டும், ஒன்று செப்டிக் ஷாக், ஒன்று மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்த கேஸ். ஷாக் கேஸில் தயங்கியவருக்கும், சளிக்கு எழுதியவருக்கும் ஒரே அளவு மதிப்பெண் குறைய வேண்டும்.

அப்புறம் மூன்று மாதம் கழித்து, அறிவிக்காமல், அதே 48 மணி நேரத் தாளை வார்டில் மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்த வாரத்தில் எல்லோரும் நன்றாகச் செய்வார்கள், அதை நம்ப வேண்டாம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து மாணவரோடு உட்காருங்கள். காரணம், முடியும் தேதி ஆகிய இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். காலியாக இருந்தால் ஏழாம் படியை மட்டும் அவருக்கு மறுபடி நடத்தினால் போதும், மொத்தப் பாடத்தையும் திருப்பத் தேவையில்லை.